ராமேசுவரம் போறீங்களா? சோறு, தண்ணி விஷயம் தெரிஞ்சுக்குங்க!

அரூரில் இருந்து தீவுக்குப் புறப்படுகிறவர்கள் கவனத்துக்கு

அரூர், மே–

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. வீட்டுக்கு வீடு வேன் பேசுகிறார்கள்.

“ஏற்காடு போலாம்பா” என்கிறது ஒரு பொடிசு. “ஒகேனக்கல்” என்கிறது இன்னொன்று. “செத்துப் போன உங்க தாத்தாவுக்கு ராமேசுவரத்துல ஒரு முழுக்குப் போடணும்டா” என்று பாட்டி ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான். பாட்டி கட்சி ஜெயித்து விடுகிறது!

எந்தத் தீர்த்தத்தில் முதலில் குளிப்பது, எங்கே திதி கொடுப்பது என்று சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு. எங்கே சாப்பிடுவது, எதைக் குடிப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. போய் வந்தவர்களைக் கேட்டால் கோவில் பெருமையை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, சோற்றுக்கும் தண்ணிக்கும் பட்ட பாட்டை இரண்டு மணி நேரம் சொல்கிறார்கள்.

இதோ விவரம்:

அது ஒரு தீவு!

ராமேசுவரம் ஒரு தீவு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்ததும் மறந்து போகிறது.

நாலு பக்கமும் கடல். 1914-ம் ஆண்டு பாம்பன் ரெயில் பாலம் வந்தது. பஸ்சும் காரும் போக 1988-ம் ஆண்டுதான் வழி பிறந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ரோட்டுப் பாலம் திறக்கப்பட்டது. பழைய ரெயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரெயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுப்பாகம் லிப்ட் மாதிரி அப்படியே மேலே போகிறது. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கும்.

தீவுக்குள் என்ன இருக்கிறது? தென்னை உண்டு. பனை உண்டு. தங்கச்சிமடத்தில் மல்லிகை உண்டு. கடலில் மீன் உண்டு. நெல் விளையாது. அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ் எல்லாம் பாலம் தாண்டித்தான் வர வேண்டும்.

இரண்டு இட்லிக்கு பில்லைப் பார்த்துவிட்டு “என்னங்க இந்த விலை?” என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அதற்காக, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. உட்காரும் முன்பே விலையைக் கேட்டு விடுவது உத்தமம். சாப்பிட்டு எழுந்த பிறகு கேட்டால் அது பேரம் இல்லை, தகராறு.

கட்டுச்சோறு மானம் காக்கும்

அரூரில் இருந்து ராமேசுவரம் 400 கிலோ மீட்டருக்கு மேல். சாயங்காலம் புறப்பட்டால் ராத்திரி முழுக்க ஓட வேண்டும்.

இந்த ஒரு ராத்திரிக்கு ஓட்டலை நம்ப வேண்டாம். நடுச்சாமத்தில் நெடுஞ்சாலையில் கிடைக்கும் புரோட்டாவும் சால்னாவும் எந்த நேரத்துச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தருக்கு வயிறு கலங்கினால் போதும். வேன் முழுவதும் கலங்கி விடும்.

புளிக்குப் பேர் போனது தர்மபுரி சீமை. வீட்டுப் பெண்கள் கை வைத்தால் புளிச்சோறு ஒரு நாள் தாங்கும். புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து சோற்றைக் கெட விடாது. சோற்றை நன்றாக ஆற வைத்துப் பிறகு கிளற வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் வேர்த்து, விடிவதற்குள் நாறி விடும்.

இட்லியில் நல்லெண்ணெய் தடவி மிளகாய்ப் பொடி புரட்டி எடுத்துக் கொள்ளலாம். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. மே மாத வெக்கையில் தயிர்ச்சோறும் ஆபத்து.

முறுக்கு, தட்டை, கடலை உருண்டை ஒரு டின் நிறைய இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. அடுத்த நாள் காலையில் அது பெரியவர்களுக்கும் தேவைப்படும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

ரெயிலில் அடுப்பு வேண்டாம்!

மொத்தமாக பஸ் எடுத்துப் போகும் கோஷ்டிகள் சமையல்காரரையும், கேஸ் அடுப்பையும், அரிசி மூட்டையையும் கூடவே ஏற்றிக் கொள்வது உண்டு. ஐம்பது பேருக்கு ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கட்டுப்படி ஆகாது என்பது நியாயமான கணக்குத்தான்.

ஆனால் வண்டிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. ரெயிலில் கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது.

2023 ஆகஸ்டு 26-ந் தேதி விடியற்காலை மதுரையில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உத்தரபிரதேசத்தில் இருந்து கோவில் கோவிலாகச் சுற்றி வந்த யாத்ரீகர்களின் பெட்டி, மதுரை ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. உள்ளே திருட்டுத்தனமாக சிலிண்டர். டீ போட அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பெட்டியே பற்றிக் கொண்டது. 9 பேர் கருகிச் செத்தார்கள். ஒரு வாய் டீக்காக!

சமைப்பதாக இருந்தால், அடுப்பு மூட்ட அனுமதிக்கும் சத்திரமாகப் பார்த்து முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும்.

வெறும் வயிறும் 22 கிணறும்

ராமேசுவரத்தில் போய் இறங்குவது விடியற்காலை. கோவில் 5 மணிக்குத் திறந்து விடும். நேரே அக்கினி தீர்த்தக் கடலில் முழுக்கு. பிறகு ஈரத்துணியோடு கோவிலுக்குள் போய் 22 தீர்த்தத்திலும் குளிக்க வேண்டும். வாளியில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றுவார்கள். அப்புறம் உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு சாமி தரிசனம்.

எல்லாம் முடியும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று பாட்டிமார் கண்டிப்பாகச் சொல்வார்கள். கூட்டம் இல்லாத நாளில் சரி. லீவு நாளில், வரிசை நகரவே நகராது. ராத்திரி தூக்கமும் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை. தலையில் வாளி வாளியாகத் தண்ணீர். மயங்கி விழாமல் என்ன செய்வார்கள்?

சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்த விஷயத்தில் பாட்டி பேச்சைக் கேட்கக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டோ, ஊசி போட்டுக்கொண்டோ, சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். அது ஏறுவதை விட மோசம். கடலில் இறங்கும் முன்பே இரண்டு இட்லி சாப்பிட்டு விடுவது நல்லது. விரதம் என்று பிடிவாதம் பிடித்தால், மடியில் கடலை உருண்டையாவது இருக்க வேண்டும். சாமி கோபித்துக் கொள்ளாது.

கோவிலுக்குப் பக்கத்தில் விடியும் முன்பே டீக்கடைகள் திறந்து விடும். கொதிக்கக் கொதிக்க ஒரு டீ குடித்தால் பாதி உயிர் வரும். தெரியாத ஊரில் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கக் கூடிய பானம் அது ஒன்றுதான். கொதித்தது எதுவும் வயிற்றை ஏமாற்றாது.

சப்பாத்தி ராஜ்யம்

ரத வீதிகளில் நடந்தால் இது தமிழ்நாடுதானா என்று சந்தேகம் வரும். இந்தியில் போர்டு. தெலுங்கில் போர்டு. குஜராத்தி சாப்பாடு, ராஜஸ்தானி சாப்பாடு என்று கூவிக் கூப்பிடுகிறார்கள்.

காசியையும் ராமேசுவரத்தையும் ஜோடியாகப் பார்க்கிற வழக்கம் வடநாட்டாருக்கு உண்டு. ஆண்டு முழுவதும் அவர்கள் வந்து கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வாய்க்குத் தகுந்தபடி சுக்கா ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு சப்ஜி எல்லாம் கோவில் வாசலிலேயே தயார்.

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அது ஒத்து வராது. சோறும் ரசமும் இல்லாமல் மத்தியானம் எப்படிக் கழியும்? வருத்தப்பட வேண்டாம். இட்லி, பொங்கல், வாழை இலைச் சாப்பாடு போடும் ஓட்டல்களும் அதே வீதிகளில் இருக்கின்றன. கோவிலைச் சுற்றி அநேகமாக எல்லாம் சைவம். உள்ளூர் ஆட்கள் எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் போதும். அந்தக் கடைக்குள் நுழையலாம். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

நேரம் முக்கியம். மத்தியானம் 1 மணிக்குக் கோவில் நடை சாத்துகிறார்கள். திரும்ப 3 மணிக்குத்தான் திறப்பு. நடை சாத்தியதும் உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் ஓட்டலுக்குள் பாய்கிறது. 12 மணிக்கே இலையில் உட்கார்ந்தவர் புத்திசாலி. 1.30 மணிக்குப் போனால் சாம்பார் தண்ணீராகி இருக்கும், ரசம் வெந்நீராகி இருக்கும்.

கையில் காசு குறைந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. கோவிலிலேயே அன்னதானம் உண்டு. முன்பு மத்தியானம் மட்டும் போட்டார்கள். 2022 டிசம்பரில் இருந்து நாள் முழுவதும் போடும் திட்டம் வந்தது. சோறு, சாம்பார், ரசம், மோர் என்று சாதாரணச் சாப்பாடுதான். உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். வேன் வாடகை கொடுத்ததிலேயே கை கடித்த குடும்பத்துக்கு இது பெரிய உபகாரம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. அங்கே லட்சாதிபதியும் பக்கத்து இலையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

அனுமார் லேட்!

இங்கே ஒரு சுவையான விஷயம். அரூர்க்காரர்களுக்கு ராமேசுவரம் அந்நியமான ஊர் இல்லை!

அரூரை அடுத்த தீர்த்தமலையில் சொல்லும் கதை என்ன? இலங்கையில் இருந்து திரும்பிய ராமர் சிவபூஜை செய்ய நினைத்தார். காசியில் இருந்து தீர்த்தம் கொண்டு வர அனுமாரை அனுப்பினார். அனுமார் வரத் தாமதம் ஆயிற்று. ராமர் மலையில் ஒரு அம்பு விட்டார். தண்ணீர் கொட்டியது. அதுதான் ராமர் தீர்த்தம். லேட்டாக வந்த அனுமார், கொண்டு வந்த தீர்த்தத்தை வீசி எறிய, அது தென்பெண்ணைக் கரையில் விழுந்தது. அந்த இடம் அனுமன் தீர்த்தம்.

ராமேசுவரத்தில் சொல்லும் கதை? கைலாசத்தில் இருந்து லிங்கம் கொண்டு வர அனுமார் போனார். அங்கும் லேட்! நேரம் தப்பக் கூடாது என்று சீதை மணலிலேயே லிங்கம் பிடித்து வைத்தார். அனுமார் முகம் வாடியது. அவர் கொண்டு வந்த லிங்கத்துக்குத்தான் முதல் பூஜை என்று ராமர் சமாதானம் செய்தார்.

தங்கச்சிமடத்துக்குப் பக்கம் வில்லூன்றித் தீர்த்தம் இருக்கிறது. சீதைக்குத் தாகம் எடுக்க, ராமர் வில்லை ஊன்றித் தண்ணீர் வரவழைத்த இடம் என்கிறார்கள். கடலுக்குள்ளேயே ஒரு கிணறு. சுற்றிலும் உப்பு. கிணற்றுக்குள் நல்ல தண்ணீர்!

இங்கே அம்பு, அங்கே வில். இரண்டு ஊரிலும் ராமருக்குத் தண்ணீர்ப் பிரச்சினை. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அதே பிரச்சினை.

உப்புக்கு மேலே மிதக்கும் நல்ல தண்ணீர்

கடல் ஓரத்தில், கோவிலுக்குள் 22 கிணற்றிலும் எப்படி உப்பில்லாத தண்ணீர்? தனுஷ்கோடி மணலில் மீனவப் பெண்கள் கையாலேயே பள்ளம் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடம் நிரப்புகிறார்களே, அது எப்படி?

மழை பெய்கிறது. மணல் அதை உறிஞ்சிக் கொள்கிறது. நல்ல தண்ணீர் லேசு. உப்புத் தண்ணீர் கனம். எனவே பூமிக்குள் உப்புத் தண்ணீர் மேல் நல்ல தண்ணீர் எண்ணெய் மாதிரி மிதந்து கொண்டு நிற்கிறது. அதை மேலாக, பதமாக மொண்டு எடுத்தால் வந்து கொண்டே இருக்கும்.

பேராசைப்பட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால்? அங்கேதான் வினை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால், அடியில் இருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். ஒரு தடவை உப்பான கிணறு லேசில் திருந்தாது.

லாட்ஜ் அறையில் குழாயைத் திறந்து சோப்பு போட்டுப் பார்த்தாலே தெரிந்து விடும். நுரை வராவிட்டால் அது உவர்த் தண்ணீர். குளிக்கலாம். குடிக்கக் கூடாது. சிலருக்கு அதில் வாய் கொப்பளித்தாலே குமட்டும்.

திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிப் படுகையில் இருந்து ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் குழாயில் கூட்டுக் குடிநீர் வருகிறது. வறண்ட சீமை, வழி நெடுக வாய்கள். குழாயின் கடைசியில் இருக்கிறது தீவு. தண்ணீர் வருகிற நாளில் வீட்டு வாசலில் வண்ண வண்ணக் குடங்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

அரூர்ப் பெண்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. தர்மபுரி மாவட்டத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு. குடித்துக் குடித்துப் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. பெரியவர்கள் முட்டி வலித்து முதுகு வளைந்தார்கள். ஜப்பான் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ம் ஆண்டு அடிக்கல் நாட்டி, 2013-ம் ஆண்டு மே 29-ந் தேதி தொடங்கி வைத்தார்கள்.

ஆக, அரூர்க்காரர் இங்கே குடிப்பதும் காவிரி. 400 கிலோ மீட்டர் தாண்டித் தீவுக்குப் போய்க் குடிப்பதும் அதே காவிரி!

எனவே, “காசு குடுத்துத்தானே ரூம் எடுத்திருக்கோம்” என்று குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் துணி துவைக்க வேண்டாம். அங்கே சிந்துகிற ஒவ்வொரு வாளியும் யாரோ ஒரு அம்மாவின் குடத்தில் விழ வேண்டிய தண்ணீர்.

குடிப்பதற்கு என்ன செய்வது? அரூரிலேயே 20 லிட்டர் கேன் இரண்டு நிரப்பி வேனில் போட்டுக் கொள்வது ஒன்று. தீர்ந்ததும் அங்கே பெரிய கேனாக வாங்கிக் கொள்ளலாம். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை. யாராவது மறைத்து விற்றாலும் வாங்க வேண்டாம்.

தீர்த்தக் கிணற்றுத் தண்ணீரை பக்திக்காக உள்ளங்கையில் விட்டு உறிஞ்சுகிறவர்கள் உண்டு. ஆயிரம் பேர் இறைக்கிற இடம். தலையில் தெளித்துக் கொள்வதோடு நிறுத்தினால் வயிற்றுக்கு க்ஷேமம்.

(“வேறு தண்ணி” தேடி ராமேசுவரம் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடம் இல்லை.)

பதநீர்

மே மாதத்தில் போகிறவர்களுக்குத் தீவு தருகிற பரிசு பதநீரும் நுங்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பனங்காடு. ரோட்டோரத்தில் பானையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பதநீரைக் காலையிலேயே குடித்து விட வேண்டும். இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இருப்பார்கள். அதனால்தான் புளிக்காமல் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு வாங்கினால் ருசி மாறி இருக்கும். நுரைத்துக்கொண்டு புளிப்பு வாடை அடித்தால் தொடாதீர்கள். பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தால், பட்டை மணத்தோடு குடிக்க அலாதியாக இருக்கும். இளநீரும் உண்டு. கண் முன்னால் வெட்டுவதால் இதற்குச் சந்தேகமே வேண்டாம்.

மீன் தின்ன நாள் பார்க்கணும்!

இப்போது இளவட்டங்கள் காத்திருக்கும் விஷயத்துக்கு வருவோம்.

அரூர்ச் சந்தையில் கிடைப்பது ஏரிக் கெண்டையும் ஜிலேபியும். கடல் மீன் வந்தாலும் ஐஸ் பெட்டியில் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேரும். “ராமேசுவரம் போனா துள்ளத் துடிக்க மீன்” என்று கனவு கண்டு கொண்டு போகிறார்கள்.

மே மாதத்தில் போனால் கனவு பலிப்பது சந்தேகம்!

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். முன்பு 45 நாளாக இருந்த தடையை 2017-ல் 61 நாள் ஆக்கினார்கள். நம்ம பிள்ளைகளின் கோடை லீவும் சரியாக இந்த 61 நாளுக்குள்தான் வருகிறது.

இந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் கரையோரம் போய் வருவார்கள். அவர்கள் கொண்டு வருவது கொஞ்சம். கிராக்கி அதிகம். விலை எகிறும். ஓட்டலில் தட்டில் வந்து விழுவது ஐஸ் பெட்டி மீனாகவும் இருக்கலாம். அதற்கு அரூரிலேயே சாப்பிட்டிருக்கலாமே!

மற்ற மாதங்களிலும் கிழமை பார்க்க வேண்டும். ராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் போகும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் திரும்பும். “இன்னைக்கு போட்டு கரைக்கு வந்துச்சா, அண்ணே?” என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லி விடுவார்கள். அந்தக் காலையில் துறைமுகப் பக்கம் போனால் இறால், நண்டு, கணவாய் கூடை கூடையாக இறங்குவதைப் பார்க்கலாம். நல்ல இறாலும் நண்டும் ஏற்றுமதிக் கம்பெனி லாரிக்குப் போய்விடும். மிச்சம்தான் ஊருக்கு.

இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் படகுகள் எல்லாம் கரையில் நின்று விடும். ஸ்டிரைக். அந்த நாளில் போய் “வஞ்சிரம் இல்லையா?” என்று முகம் சுளிப்பது அழகு இல்லை. அங்கே பல வீட்டில் அன்று அடுப்பே எரிந்திருக்காது.

அசைவ ஓட்டல்கள் கோவிலை விட்டுத் தள்ளி, பஸ் நிலையம் பக்கமும் தங்கச்சிமடம், பாம்பன் ரோட்டிலும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாறை, விளமீன் வாங்கலாம். பெரிய முள், எடுத்து விடலாம். காரல், சூடை ருசியில் மன்னன். ஆனால் முள் காடு. பழக்கம் இல்லாத பிள்ளை தொண்டையில் சிக்க வைத்துக் கொள்ளும். நண்டும் இறாலும் முதல் தடவை தின்கிறவர்கள் ஒரு வாய், இரண்டு வாய் தின்று பார்க்க வேண்டும். சிலருக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு ஏறும். உதடு வீங்கினால், மூச்சு இரைத்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அழிந்த ஊரில் மீன் வறுவல்

தனுஷ்கோடிக்குப் போகாமல் யாரும் திரும்புவது இல்லை.

1964 டிசம்பர் 22-ந் தேதி ராத்திரி அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயிலைக் கடல் விழுங்கியது. மிச்சம் நிற்பது இடிந்த தேவாலயமும் ரெயில் நிலையச் சுவரும். மனிதர் வாழ லாயக்கில்லாத ஊர் என்று சர்க்கார் அறிவித்தது. இருந்தும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கேயே இருக்கின்றன.

முன்பெல்லாம் மணலில் வேன் திக்கித் திணறிப் போகும். அரிச்சல்முனை வரை 2017-ல் தார் ரோடு திறந்தார்கள். அதில் இருந்து கூட்டமான கூட்டம். வழியில் ஓலைக் கொட்டகைக் கடைகள். மசாலா தடவிய மீனை மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்கள். கை காட்டினால் வறுத்துத் தருவார்கள்.

சுடச்சுட அந்த வறுவலுக்கும் கடல் காற்றுக்கும் ஈடு இல்லைதான். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மசாலாவுக்குள் மீன் ஒளிந்திருக்கும். ஆகவே மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். சிவப்பாக இருந்தால் சரி. விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். வாணலி எண்ணெயையும் எட்டிப் பாருங்கள். தார் மாதிரி கறுத்திருந்தால் அடுத்த கடை. விலையை, ஒரு மீனுக்கா, ஒரு பிளேட்டுக்கா என்று தெளிவாகக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

“அக்கா, ஒரு மீன் சேர்த்துக் குடுங்க” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே போடுகிறவர்கள் அவர்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் அவர்களிடம் கேட்கக் கூடாது. அந்தக் குடத்தை நிரப்ப எவ்வளவு நேரம் மணலில் குந்தி இருந்தார்களோ!

இருட்டியபின் அங்கே இருக்க விட மாட்டார்கள். மாலைக்குள் திரும்பி விட வேண்டும். எச்சில் தட்டையும் பாட்டிலையும் கடலோரம் போடாமல் வண்டியிலேயே கொண்டு வந்து விட வேண்டும்.

புளியங்கொட்டை விற்ற பையன்

வரும் வழியில் பேய்க்கரும்பில் மறைந்த ஜனாதிபதி அப்துல் கலாம் நினைவிடம். 2017 ஜூலையில் திறந்தார்கள். ராமேசுவரம் மசூதித் தெருவில் அவர் பிறந்து வளர்ந்த வீடும் இருக்கிறது.

அரூர்ப் பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று அவருடைய ‘அக்கினிச் சிறகுகள்’ புத்தகத்தில் இருக்கிறது. 1939-ல் யுத்தம் வந்தபோது புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி. எட்டு வயதுப் பையன் கலாம் புளியங்கொட்டை பொறுக்கிக் கொண்டுபோய் மசூதித் தெரு மளிகைக் கடையில் விற்றார். நாளைக்கு ஒரு அணா கிடைத்ததாம்! பிறகு ஓடுகிற ரெயிலில் இருந்து வீசும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கிற வேலையும் செய்தார்.

புளி அடித்துக் கொட்டை எடுத்தே வயிறு வளர்க்கும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இருந்து போகிற பிள்ளைகளுக்கு, கோவில் பிரகாரத்தை விட இந்தக் கதை நன்றாக மனசில் நிற்கும்.

கருவாடு வாங்கறீங்களா?

திரும்பும்போது பெண்கள் கருவாட்டுக் கடையில் நிற்பார்கள். கையில் எடுத்தால் வளையாமல் மொறமொறப்பாக இருப்பதே நல்ல கருவாடு. ஈரப்பதம் இருந்தால் அரூர் வருவதற்குள் புழு வைக்கும். காகிதத்தில் சுற்றி, மூடி உள்ள டின்னில் அடைத்து, வண்டியின் மேலே கட்டி விடுங்கள். உள்ளே வைத்தால் ராத்திரி முழுக்க வேனுக்குள் யாரும் வாய் திறக்க முடியாது.

மீன்பிடித் தடை ஜூன் 14-ந் தேதி ராத்திரியோடு முடிகிறது. அப்புறம் ஆடி அமாவாசைக்குப் போகிறவர்களுக்கு மீன் தட்டுப்பாடு இருக்காது.

ஆனால் அவர்கள் திதி கொடுக்கப் போகிறவர்கள். மீனைத் தொட மாட்டார்கள்!